நாற்காலிப் பதில்

ஜன்னல் ஓரம் வேணும்னா நீங்களே உக்காருங்க சார், எனக்குக் காத்து ஆகாது. தொண்டையை வச்சுத்தானே நம்ம பொழப்பே. வாத்தியார்தான், ஐடிஐ வாத்தியார். செங்கம் பக்கத்துல ஒரு தனியார் ஐடிஐ. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, ஆனா எங்க பசங்களைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்தக் கம்பெனி பஸ் உங்களைத் தாண்டிப் போனாலும், உள்ள தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டு வர்றதுல ஒண்ணாவது நம்ம தயாரிப்பு. பரந்தாமன்னு சொன்னா கம்பெனிக்காரங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஆரணியில ஏறினீங்களா? காஞ்சிபுரமா? நாங்களும் காஞ்சிபுரம் போய்த்தான் மாறணும். நாங்கன்னா நானும் அதோ அந்தம்மாவும். முன்னால, பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறைய பூ. காசியம்மாள்னு பேரு. அவங்க பொண்ணு சங்கவி நம்ம ஸ்டூடண்ட். பொண்ணு வேலை பாக்கற கம்பெனியில இருந்து காலையில எனக்குப் போன். ஹெச்ஆர் மேனேஜரே பேசினாரு சார். எப்பவும் அவருக்குக் கீழ இருக்கறவங்கதான் பேசுவாங்க. "பரந்தாமன், சங்கவி வீட்ல இருந்து யாரையாவது கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க, ஆதார் கார்டு எடுத்துக்கங்க"ன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல. கேக்கக்கூடாது சார். சொல்ல வேண்டியதை அவங்களே சொல்லுவாங்க.

அவார்டாத்தான் இருக்கும். மாசாமாசம் பெஸ்ட் டிரெய்னின்னு ஒருத்தரைக் கூப்பிட்டு ஷீல்டு குடுப்பாங்க. குடும்பத்தோட நிக்கவச்சு போட்டோ எடுத்து கேண்டீன்ல மாட்டுவாங்க. அதான் அந்தம்மாவை நல்ல புடவையா கட்டிக்கிட்டு வரச் சொன்னேன். கல்யாணப் புடவையாம். பெட்டியில இருந்து எடுத்த அந்துருண்டை வாசனை இங்க வரைக்கும் வருது பாருங்க. புருஷன் பெங்களூர்ல கட்டட வேலை. அவருக்குச் சொல்லட்டுமான்னு கேட்டாங்க. அவரு எதுக்கும்மா, வேலை கெட்டுடும், போட்டோவை அனுப்பி வச்சாப் போச்சுன்னேன்.

உங்களுக்குப் பிள்ளைங்க? ஒரு பையனா, பத்தாவது முடிச்சிருக்கானா? அப்ப நான் சொல்றதை நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

வேலை இல்லைன்னு எவனும் சொல்றதில்ல சார். கேட்ல போர்டு தொங்கும், ஆட்கள் தேவைன்னு. உள்ள போனா அப்ரண்டிஸ்ம்பான், கான்ட்ராக்ட்ம்பான், வருஷம் முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டு வாம்பான். நாம ஒரு ஃபிட்டர் வேலைக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா, அங்க இன்ஜினியரிங் முடிச்சவன் டை கட்டிக்கிட்டு வரிசையில நிக்கறான். அவன் இங்கிலீஷ் பேசறான். நம்ம பசங்க பேரைக் கேட்டாலே தரையைப் பாப்பாங்க. இந்தக் கூட்டத்துல நம்ம பிள்ளையை எதுக்கு சார் எடுப்பான்? அதுக்கு ஒரு காரணம் நாமதான் உண்டாக்கிக் குடுக்கணும். நான் உண்டாக்கினேன்.

ஆரம்பத்துல எனக்கும் தெரியாதுங்க. புக்குல உள்ளதைத்தான் நடத்திக்கிட்டிருந்தேன். பாதுகாப்பு பாடமும் நான்தான், வேலைவாய்ப்புத் திறனும் நான்தான். ஒரு தடவை நம்ம இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு கம்பெனி வந்துச்சு. பெரிய கம்பெனி. வாழைமரம் ஒண்ணுதான் கட்டல, மத்ததெல்லாம் பண்ணினோம். முதல்ல உள்ள போனவன் வேடியப்பன். நல்லாப் படிக்கிற பையன், அதுதான் வினையே. பவர் ப்ரெஸ் தெரியுமா உங்களுக்கு? தகட்டை உள்ள வச்சா மேல இருந்து அச்சு இறங்கி அடிக்கும். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தினாத்தான் இறங்கும். ஏன்னா ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள கை இருக்காது பாருங்க. அந்த அதிகாரி கேட்டாரு, "தம்பி, அவசர ஆர்டர். ஒரு பட்டனை அழுத்தின மாதிரியே கட்டி வச்சுட்டு ஒரு கையால ஓட்டச் சொன்னா ஓட்டுவியா?"

இவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "மாட்டேன் சார், அது விதிமீறல் சார்."

அந்த மனுஷன் சிரிச்சாரு. பாராட்டித்தான் சிரிக்கிறாருன்னு நானும் நினைச்சேன். அப்புறம் டீயைக்கூடத் தொடல. மத்த பசங்களைக் கூப்பிடவே இல்ல. வாசல்ல வண்டியில ஏறும்போது என்னைப் பார்த்து, "வக்கீலுக்குப் படிக்க வைக்கிறீங்களா சார்?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான், அந்தக் கம்பெனி நம்ம பக்கம் திரும்பல. வாசல்ல பசங்க ஆளுக்கொரு இஸ்திரி போட்ட சட்டையில நிக்கறாங்க சார். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. வேடியப்பன் இப்ப ஊர்ல பஞ்சர் ஒட்டறான். என்னைப் பார்த்தா வணக்கம் வைக்கிறான். பாவம், அவன் மேல தப்பில்ல. நடத்தினவன் தப்பா நடத்திட்டேன்.

அதுல இருந்து நம்ம கிளாஸ்ல எல்லாக் கேள்விக்கும் ரெண்டு பதில். ஒண்ணு பரீட்சைப் பதில், இன்னொண்ணு நாற்காலிப் பதில். பட்டனைக் கட்டிட்டு ஓட்டலாமா? பரீட்சையில, கூடாது. நாற்காலியில உக்காந்து ஒருத்தர் கேட்டா, "கண்டிப்பா சார்." ரெண்டையும் மனப்பாடம் பண்ணணும். ஒண்ணை இன்னொண்ணோட கலந்துடக்கூடாது. கலக்கினா மார்க்கும் போயிடும், வேலையும் போயிடும்.

சும்மா சொல்லிக் குடுக்கறதில்ல சார், பழக்கறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் ஷூ மாட்டிக்கிட்டு, இன் பண்ணிக்கிட்டு, மேனேஜரா வந்து உக்காருவேன். பரந்தாமன் சார்னு ஒருத்தர் அன்னிக்குக் கிடையாது. கதவைத் தட்டிட்டு வரணும். நான் கண்டபடி திட்டுவேன். சாவியைத் தரையில போட்டு எடும்பேன். ஞாயித்துக்கிழமை வருவியா, கண்டிப்பா சார். கழிவறை கழுவச் சொன்னா? கண்டிப்பா சார். யோசிக்கவே கூடாது. யோசிக்கிற மூஞ்சியைக் கம்பெனிக்காரன் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவான். யோசிச்சா அன்னிக்கு முழுக்க வெளியில நிக்க வேண்டியதுதான். கல்நெஞ்சக்காரன்னு பசங்க பேசிக்குவாங்க. பேசட்டுமே. வேலைக்குப் போனப்புறம் அவங்கதான் ஸ்வீட் பாக்ஸோட வந்து கால்ல விழறாங்க.

இந்த சங்கவி இருக்கே, வந்தப்ப பெரிய தொல்லை. கேள்வி, கேள்வி, எதுக்கெடுத்தாலும் கேள்வி. "ஏன் சார்? அப்ப அந்த ரெண்டாவது பட்டனை எதுக்கு சார் வச்சாங்க?" ஃபிட்டர் பிரிவுல மொத்தமே ரெண்டு மூணு பொண்ணுங்கதான், அதுல இது ஒரு வாயாடி. கைவேலை அருமையா செய்யும், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா வாய்! முதல் வெள்ளிக்கிழமை, பட்டன் கேள்விக்கு, "செத்துட்டா என்ன சார் பண்றது?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டுச்சு. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சுட்டேன், பொய் சொல்லக்கூடாது. அப்புறம் தனியாக் கூப்பிட்டு, "உங்கப்பா சிமெண்டு சுமக்கறது போதாதா, நீயும் போய் சுமக்கணுமா?"ன்னேன். அழுதுருச்சு. அன்னிக்கு இருந்து ஒர்க்ஷாப் கண்ணாடி முன்னால நிக்கவச்சு, சிரிச்ச மூஞ்சியா "கண்டிப்பா சார்" சொல்லவச்சேன். தினமும். முதல்ல உதடு நடுங்கும். வருஷக் கடைசியில பாக்கணுமே, நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடும்.

அந்த பேட்ச்ல முதல் செலக்‌ஷன் அதுதான். செங்கம் பஸ் ஸ்டாண்டுல பேனர் வச்சோம், சங்கவி போட்டோ பெருசா, ஓரத்துல என் போட்டோ. இன்னும் கிழிக்காம இருக்குது. அந்தம்மா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அதுக்கு எதிர்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவாங்களாம்.

போன வாரம்கூட எனக்குப் போன் பண்ணுச்சு சார், சங்கவி. எங்கிட்ட கேக்காம எதுவும் செய்யாது, அவ்வளவு மரியாதை. "சார், பெரிய ப்ரெஸ்ஸுக்கு மாத்திட்டாங்க. ஒரு பட்டனைக் கட்டி வச்சிருக்காங்க. தகடு அடிக்கடி மாட்டிக்குது. தலையை உள்ள நீட்டி எடுக்க வேண்டியிருக்குது சார். முடியாதுன்னு சொல்லட்டுமா?"ன்னுச்சு. பாருங்க, இத்தனை பழக்கியும் உள்ளுக்குள்ள அந்தப் பழைய சங்கவி உக்காந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "இப்ப நீ முடியாதுன்னு சொன்னா உன் பேரை யாரும் சொல்லமாட்டாங்கம்மா, பரந்தாமன் பசங்கன்னுதான் சொல்லுவாங்க. அடுத்த மாசம் உன் ஜூனியருங்களுக்கு அதே கம்பெனியில இண்டர்வியூ இருக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. பார்த்து ஓட்டு, கவனமா ஓட்டு"ன்னேன். கவனமான்னு சொன்னேன் சார், சொல்லாம இல்ல. அப்புறம், "கண்டிப்பா சார்"னு சொல்லுச்சு. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

போனா? நேத்து சாயங்காலத்துல இருந்து சங்கவி போன் எடுக்கல. அந்தம்மா காலையில அதைச் சொல்லித்தான் புலம்பினாங்க. ரூம்ல கூட இருக்கற பொண்ணுக்கு அடிச்சாங்களாம், எடுத்துச்சாம், அம்மா குரலைக் கேட்டதும் வச்சிடுச்சாம். உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கம்மா, லாக்கர்ல வச்சிடுவாங்கன்னு நான்தான் தேத்தினேன். வேலைநேரத்துல வச்சிடத்தானே செய்வாங்க?

ஒரு நிமிஷம் சார். ஹெச்ஆர் மேனேஜர்தான் கூப்பிடறாரு.

வணக்கம் சார். வந்துக்கிட்டே இருக்கோம் சார், செய்யாறு தாண்டியாச்சு. ஆமா சார், அம்மா கூட இருக்காங்க. சார்? ஆமா சார், சேஃப்டி பாடம் நான்தான் சார் நடத்தினேன். சங்கவி அதுல நல்ல மார்க் சார், வகுப்புலயே முதல் மார்க். தெரியும் சார், பட்டனைக் கட்டிட்டு ஓட்டக்கூடாதுன்னு அதுக்கு நல்லாத் தெரியும் சார். எழுதிக் குடுக்கணுமா சார்? குடுத்துடறேன் சார். கம்பெனிக்கு வர வேண்டாமா சார்? பெரிய ஆஸ்பத்திரிக்கா? சரிங்க சார். பின்பக்க கேட்டா? சரிங்க சார். இல்ல சார், அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல சார். சரிங்க சார். சரிங்க சார். வணக்கம் சார்.

இடத்தை மாத்திட்டாங்க சார். கம்பெனி வேண்டாமாம். ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாரு.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? மெடிக்கல் செக்கப்பா இருக்கும். வருஷா வருஷம் பண்ணுவாங்க.

என்ன ஆச்சுன்னு கேக்கலையான்னா? எப்படி சார் கேக்கறது? அவரு எந்த மூட்ல இருக்காரோ. சொல்லணும்னா சொல்லியிருப்பாரே. நீங்க வெளியில இருக்கறவரு, உங்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டா உறவே அறுந்துடும். அடுத்த மாசம் இண்டர்வியூக்கு ஒரு பேட்ச் பிள்ளைங்க துணி தைக்கக் குடுத்துட்டு உக்காந்திருக்குதுங்க. அதுங்க வீட்லயும் அப்பா அம்மா இருக்காங்க சார்.

பின்பக்க கேட்டுல என்ன இருக்கும்னு எனக்கும் தெரியும். நானும் மனுஷன்தான். எங்கப்பா செத்தப்ப அவரை நான் அந்த வழியாத்தான் தூக்கிட்டு வந்தேன். ஆனா சார், பின்பக்கம் பார்க்கிங்கும் இருக்குதே. முன்னால கூட்டமா இருக்கும்னு பின்னால வரச் சொல்லியிருக்கலாம். பயமா இருக்குது சார். காலையில அவரு குரலைக் கேட்டதுல இருந்தே இப்படித்தான் இருக்குது. அதனாலதான் பேசிக்கிட்டே வர்றேன், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

எழுதிக் குடுத்தா என்ன தப்பு, சொல்லுங்க. நான் நடத்தினேன், அது படிச்சுச்சு, முதல் மார்க் வாங்குச்சு. இதுல எது சார் பொய்? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே. தெரிஞ்சும் அதுவா ஓட்டுச்சுன்னு கம்பெனி சொல்லிக்கிட்டா அது கம்பெனி பாடு. அந்தப் போனா? அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசினது. வாத்தியாரும் பொண்ணும் பேசினது. அது யாருக்கும் தெரியாது, எனக்கும் சங்கவிக்கும் மட்டும்தான். இப்ப உங்களுக்கு. நீங்க காஞ்சிபுரத்துல இறங்கிப் போயிடப் போறீங்க.

என்னம்மா, ஏன் எந்திரிச்சு வர்றீங்க? வண்டி ஆடுது, கம்பியைப் பிடிச்சுக்கங்க. ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் பேசினாரு.

காதுல விழுந்துடுச்சா?

ஆமாம்மா, ஆஸ்பத்திரிக்குத்தான் வரச் சொன்னாரு. லேசா ஏதோ அடியா இருக்கும். எந்தக் கையின்னா? தெரியலம்மா, அதெல்லாம் நான் கேக்கல. அழக்கூடாது. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க. பூவை எதுக்கும்மா பிச்சுப் போடறீங்க? இருக்கட்டும், இருக்கட்டும்மா.

என்ன சொல்றீங்க, சத்தத்துல கேக்கல. கிட்ட வந்து சொல்லுங்க.

பார்த்தீங்களா சார், அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டீங்களா? "பாப்பா போன வாரமே சொல்லிச்சி சார். பட்டனைக் கட்டிவுட்டு ஓட்டச் சொல்றாங்கோ, பயமா கீதும்மான்னு அழுதுச்சி. நான்தான் உங்க சாரைக் கேளு, அவரு இன்னா சொல்றாரோ அதைச் செய்யின்னேன். நீங்க ஓட்டச் சொன்னீங்கன்னு அப்பறமா போன்ல சொல்லிச்சி. அதுக்கப்பறம்தான் எனக்கும் தைரியம் வந்துச்சி. அங்க பெரிய சாருங்க எம்பொண்ணு மேல தப்புன்னு சொன்னாங்கன்னா, நான் இதைச் சொல்லிடறேன் சார். அவளா ஒண்ணும் செய்யல, எங்க சாரைக் கேட்டுக்கினுதான் செஞ்சான்னு சொல்லிடறேன்."

அம்மா, இங்க பாருங்க. அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாருங்க. அங்க போயி நீங்க அதையெல்லாம் பேசக்கூடாது. உங்களுக்கு விவரம் தெரியாது. பேசினா சங்கவிக்குத்தான் கெடுதல். வேலையை விட்டு எடுத்துடுவாங்க. ஆமாம்மா, அடிபட்டாலும் வேலை இருக்கும், நான் பேசி வாங்கித் தர்றேன். நான் இருக்கேன் இல்ல? யாரு என்ன கேட்டாலும் எங்க சார் பேசுவாருன்னு மட்டும் சொல்லுங்க. போனைப் பத்தி மூச்சு விடக்கூடாது. என்ன? சொல்லுங்க, என்ன சொல்லுவீங்க?

ம், அவ்வளவுதான். போயி உக்காருங்க. கண்ணைத் துடைச்சுக்கங்க. தண்ணி இருக்குதா? குடிங்க.

போயிட்டாங்க. நல்ல பொம்பளை சார். நாம ஒண்ணு சொன்னா ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

சார்? ஏன் சார் எந்திரிக்கறீங்க? காஞ்சிபுரம் இன்னும் வரல சார், இப்பத்தான் பாலாத்துப் பாலமே வருது. பையை எதுக்கு எடுத்துக்கிட்டு முன்னால போறீங்க? சார், அந்தம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க? அவங்க படிக்காதவங்க சார், தாங்கமாட்டாங்க. உங்களை நல்ல மனுஷன்னு நினைச்சுத்தானே எல்லாத்தையும் சொன்னேன். சார், நில்லுங்க சார். சார், அங்க உக்காராதீங்க.

அது லேடீஸ் சீட்டு சார்.